லண்டன் வீட்டுப் பின்வளவுக்குக் கீழ இரண்டாம் உலக யுத்த காலத்துப் பங்கர் – இறங்கலாமோ, மூடுறதோ?

வளவுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருக்கிறது ஹரோ பக்கம், 1930களில கட்டின செமி வீடு. பின்வளவின்ர கடைசி மூலையில ஒரு மேடு, மேல ரோசாப் பத்தை, நடுவில துருப்பிடிச்ச பைப் ஒண்டு நிமிர்ந்து நிண்டது, பழைய டிரெயினேஜ் ஆக்கும் எண்டு விட்டிட்டம். இப்ப ஷெட் ஒண்டு போடுவம் எண்டு மேட்டை வெட்டத் தொடங்கினா அலவாங்கு கொங்கிறீட்டில பட்டுது. ஓரமா வெட்டிக்கொண்டு போக செங்கல் படி, படி முழுக்க மண்ணும் உடைஞ்ச பூச்சாடியும் போட்டு ஆரோ நிரப்பி விட்டிருக்கினம். அள்ள அள்ளக் கீழ போகுது. அடியில ஒரு வாசல், கதவில்லை, டோர்ச் அடிச்சா நேர ஒரு சுவர்தான் தெரியுது, இடப்பக்கமா வழி திரும்புது. கறுப்புத் தண்ணி நிக்குது.

அம்மா எட்டிப் பாத்திட்டு "பங்கர்" எண்டா, அவ்வளவுதான், திரும்பி வீட்டுக்குள்ள போட்டா. அப்பாவுக்கு உடன இறங்கவேணும், நான் பிடிச்சு வச்சிருக்கிறன். இது அண்டர்சன் ஷெல்டர் எண்டு சொல்லுறதோ? உள்ளுக்குப் போகலாமோ? மூடவேணுமோ வச்சிருக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மிச்சவடை:
ப்ரோ செம!! போட்டோ போடுங்க ப்ளீஸ். எங்க வீட்டுத் தோட்டத்த தோண்டுனா பக்கத்து வீட்டுக்காரன் பூனையைப் புதைச்ச இடம்தான் வருது

கரணைமேசன்:
தம்பி, முதல் விசயம், அப்பாவை விடாதையுங்கோ. ஒருத்தரும் இறங்கவேண்டாம். படி இருக்கிறபடியா செஸ்பிட் (பழைய மலக்குழி) இல்லை எண்டு நினைக்கிறன், ஆனா நினைக்கிறதை நம்பி ஆளை இறக்கேலாது. நான் இஞ்ச கட்டிட வேலைதான் செய்யிறன், தோட்டத்துக்குக் கீழ இப்படிச் சாமான் வாறது புதினமில்லை. பைப் இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கோ?

பழசுப்பெட்டி:
//இது அண்டர்சன் ஷெல்டர் எண்டு சொல்லுறதோ?//

இல்லைங்க. ஆண்டர்சன் ஷெல்டர்ங்கிறது தகரம். வளைஞ்ச நெளிதகடு ஆறு, உச்சியில போல்ட் போட்டு மாட்டுவாங்க, பக்கத்துக்கும் முன்னபின்னயும் நேர் தகடு, மொத்தம் 14 தகடு. நாலடி பள்ளம் தோண்டி அதுல நிறுத்தி மேல குறைஞ்சது 15 அங்குலம் மண்ணு போடணும். உள்ள ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம், அதுக்குள்ள ஆறு பேர், யோசிச்சுப் பாருங்க. 1939 பிப்ரவரி 25ல இஸ்லிங்டன்ல முதல் ஷெல்டர் குடுத்தாங்க, யுத்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ளயே 15 லட்சம் போயிடுச்சு, அப்புறம் இன்னொரு 21 லட்சம். வருஷ வருமானம் 250 பவுண்டுக்குக் கீழ இருந்தா இலவசம், மேல இருந்தா 7 பவுண்டு. இதுல ஒரு தமாஷ், எந்த ஜான் ஆண்டர்சன் பேரை வச்சாங்களோ அதே ஆளு 1932லேர்ந்து 37 வரைக்கும் வங்காள கவர்னர், டார்ஜிலிங்ல அவரைச் சுடப் பார்த்தாங்க, தப்பிச்சுட்டாரு. அங்கேர்ந்து வந்தவருக்குத்தான் லண்டன் ஜனங்களைக் குண்டுலேர்ந்து காப்பாத்துற வேலை.

உங்களுது செங்கல், கான்கிரீட், படி, திரும்புற வாசல். இது அரசாங்கம் குடுத்தது மாதிரி தெரியல, வீட்டுக்காரர் கைக்காசு போட்டு கான்ட்ராக்டர் வச்சுக் கட்டினதா இருக்கும். புறநகர்ல கொஞ்சம் வசதியான ஆளுங்க அப்படிச் செஞ்சாங்க. ஹரோ பக்கம்னா பயப்பட காரணமும் இருந்துச்சு, ஸ்டான்மோர்ல பென்ட்லி ப்ரயரிதான் ஃபைட்டர் கமாண்டோட தலைமையகம், அந்தப் பக்கம் நார்தோல்ட் விமானத்தளம்.

வளவுக்காரன்:
நன்றி அண்ணை. பைப்புக்குள்ள கம்பி விட்டுப் பாத்தன், மண் அடைச்சுக் கிடக்கு. அப்பா சொல்லுறார் ஊரில கிணறு இறைக்க முதல் செய்யிற மாதிரி ஒரு விளக்கைக் கொழுத்தி கயித்தில இறக்கிப் பாப்பம், நூராட்டி இறங்கலாம் எண்டு.

கரணைமேசன்:
விளக்கு வேண்டாம் வேண்டாம் வேண்டாம். ஒக்சிசன் சாதாரணமா 20.9 வீதம். மெழுகுதிரி நூரிறதுக்கு அது ஏறக்குறைய 16க்கு இறங்கவேணும், அதுக்கு முதலே ஆளுக்குத் தலை சுத்தி யோசனை பிசகத் தொடங்கியிடும். முட்டை அழுகின மணத்தோட ஒரு வாயு இருக்குதெல்லே, அதை விளக்கு காட்டாது. மீதேன் இருந்தா விளக்கே உங்களுக்கு எமன். இன்னொண்டு கனபேருக்குத் தெரியாது, மூடின இடத்தில இரும்பு துருப்பிடிக்கிறதே ஒக்சிசனைக் குடிச்சுத்தான், எந்த மணமும் இராது, இறங்கின ஆள் விழுந்த பிறகுதான் தெரியும், அவரைத் தூக்கவெண்டு இறங்கிற ரெண்டாவது ஆளும் விழும்.

நாலு வாயு காட்டுற மீற்றர் வாடகைக்கு எடுக்கலாம், கயித்தில கட்டி இறக்குங்கோ, ஒக்சிசன் 19.5க்குக் கீழ காட்டினா அலாம் அடிக்கும். பைப் அடைப்பை எடுத்து வாசலையும் திறந்து காத்து ஓடவிடுங்கோ. தண்ணி இறைக்கிறதுக்கு கரண்டில ஓடுற சப்மெர்சிபிள் பம், பெட்ரோல் பம் கிட்டவும் கொண்டு போகவேண்டாம். ஊரில கிணத்துக்குள்ள மிசினை இறக்கி ஓடவிட்டுப் புகையில செத்த ஆக்களின்ர கதை எல்லாருக்கும் தெரியும். இறைக்கிறதும் ஒரேயடியா இறைக்கக்கூடாது. உங்கட பக்கம் களிமண், சுவருக்கு வெளியாலையும் தண்ணி ஊறி நிக்கும், உள்ளுக்கு நிக்கிற தண்ணிதான் அந்தச் சுவரை எதிர்ப்பக்கம் பிடிச்சுக்கொண்டு நிக்குது. கொஞ்சம் இறைச்சு விட்டுப் பாத்து, வெடிப்பு வருதோ எண்டு பாத்து, பிறகு கொஞ்சம்.

மிச்சவடை:
நான் வெறும் போட்டோ தானே கேட்டேன், பயமா இருக்கு இப்ப

சுன்னாகத்தான்:
திரும்புற வாசல் எண்டோன்ன எனக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது. எங்கட வளவில பலாமரத்துக்குக் கீழ வெட்டினது 'ட' வடிவம். குண்டு வெளியால விழுந்தா அந்த அமுக்கமும் சிதறு துண்டும் நேரத்தான் வரும், வளைஞ்சு வாறது குறைவு, அதுக்குத்தான் வாசலைத் திருப்பி வைக்கிறது. ஹரோவில வெள்ளைக்காரன் கட்டினதும் அதே கணக்குத்தான் போல.

எங்களிட்டைச் சீமெந்து இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில சீமெந்து, இரும்பு, பற்றரி, மண்ணெண்ணை ஒண்டும் நேராவழியில வராது. அதால பனங்குத்திதான். பனையைத் தறிச்சுக் குத்தியாக்கி நெருக்கமா அடுக்கி, அதுக்கு மேல குறுக்கா இன்னொரு அடுக்கு, கிடுகு, பிறகு மண், மேல மண் மூட்டை. ரயில் ஓடாமல் விட்ட பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கிடைச்ச ஆக்களுக்கு பங்கர் பலம், அவை கொஞ்சம் பெருமையும் பேசுவினம். சுன்னாகத்தில செம்மண் கொஞ்சம்தான், கீழ சுண்ணாம்புக்கல்லு, நெஞ்சளவுக்கு மேல வெட்டேலாது, அலவாங்கு திரும்பி வரும். வடமராட்சியில கடற்கரைப் பக்கம் வேற பிரச்சினை, மணல், வெட்ட வெட்டச் சரியும், பக்கத்துக்குத் தகரமோ தென்னங்குத்தியோ வைக்கவேணும்.

சின்னப் பிள்ளையளுக்குக் கூட சத்தத்தில பிளேன் தெரியும். சியாமாசெட்டி எண்டா குத்தி எழும்பும், அப்ப ஓடலாம். சகடை எண்டு நாங்கள் சொல்லுற பிளேன் மெதுவா வந்து மேல நிண்டு சுத்தும், பீப்பாய்க் குண்டை உருட்டி விடும், எங்க விழும் எண்டு விடுறவனுக்கே தெரியாது. சுப்பர்சொனிக் எண்டா சத்தம் கேக்கேக்க குண்டு விழுந்து முடிஞ்சிடும், பங்கருக்கு ஓடுறதில அர்த்தமில்லை, இருக்கிற இடத்தில குப்புறப் படுக்கிறதுதான். எங்கட அம்மம்மா ஒருநாளும் பங்கருக்குள்ள வரேல்லை. "உந்தக் கிடங்குக்குள்ள போய்ப் பாம்பு கடிச்சுச் சாகிறதிலும் பாக்க என்ர கட்டிலில சாவன்" எண்டுவா. கார்த்திகை மழைக்கு அரைவாசி தண்ணி நிக்கும், பாம்பும் உண்மையா வரும், அவவில பிழை சொல்லேலாது.

பழசுப்பெட்டி:
உங்க அம்மம்மா தனி ஆள் இல்ல. 1940 நவம்பர்ல லண்டன்ல ஒரு கணக்கு எடுத்தாங்க, ராத்திரி யார் எங்க தூங்குறாங்கன்னு. வீட்டு ஷெல்டர்ல 27 சதவீதம், பொது ஷெல்டர்ல 9, சுரங்க ரயில் ஸ்டேஷன்ல 4 சதவீதம்தான். மிச்ச பாதிக்கு மேல ஜனம் வீட்லயே இருந்திருக்கு. ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல படுத்திருக்கிற அந்த போட்டோவை எல்லாரும் பார்த்திருக்கறதால லண்டனே அங்கதான் படுத்துச்சுன்னு நினைச்சுக்கறோம். செப்டம்பர் 7லேர்ந்து 57 ராத்திரி விடாம குண்டு, குளிர்ல, தண்ணி ஊறின தகரக் குழியில தினம் போய்ப் படுக்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும். அதனாலதான் 1941ல மாரிசன் ஷெல்டர்னு வீட்டுக்குள்ளயே வைக்கிற இரும்பு மேசை கொண்டாந்தாங்க, பகல்ல அது மேல சாப்பாடு, ராத்திரி அடியில படுக்கை, சுத்தி கம்பிவலை.

வீவக_வாசி:
சிங்கையில இருந்து. இங்க தியோங் பாரு வட்டாரத்துல புளோக் 78 அடியில 1939ல கட்டுன ஷெல்டர் இன்னும் இருக்கு, குடியிருப்புக்கு அடியிலேயே யோசிச்சுக் கட்டுனது, அபூர்வமா திறந்துவிடுவாங்க. உள்ள வெறும் செங்கல் சுவரும் தூணும்தான், அலங்காரம் ஒண்ணும் கிடையாது. அப்புறம் 1997ல சட்டம் வந்த பிறகு கட்டுற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்ல எல்லாம் உள்ளயே ஒரு ஷெல்டர் ரூம் உண்டு, தடிச்ச சுவரு, இரும்புக் கதவு. எங்க வீட்ல அதுல அரிசி மூட்டை, பழைய ஃபேன், கொலு பொம்மை எல்லாம் இருக்கு. போர் வந்தா முதல்ல பொம்மையை வெளிய எடுக்கணும்.

கணக்கன்_ஈஸ்ட்ஹாம்:
எல்லாரும் உணர்ச்சிவசப்படுறியள். வீட்டு விலையைப் பாருங்கோ. நாளைக்கு விக்கேக்க சர்வேயர் தோட்டத்துக்குக் கீழ பொந்து இருக்கெண்டு எழுதினா வாங்கிறவன் பின்வாங்குவான். மண்ணைப் போட்டு மூடி மேல ஷெட்டை வச்சிட்டுப் போங்கோ. எண்பது வருசம் ஒருத்தரும் தேடேல்லை.

கரணைமேசன்:
//மண்ணைப் போட்டு மூடி மேல ஷெட்டை வச்சிட்டுப் போங்கோ//

அதுதான் பிழையான வழி. சும்மா மண்ணைக் கொட்டினா அது கீழ இறங்கிக்கொண்டே இருக்கும், ரெண்டு மாரி போக ஷெட் சரியும். மூடுறதெண்டா அடித்தளத்தில ஓட்டை போட்டுத் தண்ணிக்கு வழி விடவேணும், இல்லாட்டி அது ஒரு தொட்டி. பிறகு உடைச்ச கல்லை அடுக்கடுக்கா இறுக்கவேணும், அல்லது நுரைக் கொங்கிறீட் பம் பண்ணலாம், காசு கூட. பின்னுக்கு எக்ஸ்டென்சன் போடுற பிளான் இருந்தா கவுன்சில் பில்டிங் கொன்ட்ரோலுக்கு இப்பவே சொல்லுங்கோ. பக்கத்து வீட்டு எல்லையையும் பாருங்கோ, ரெண்டு வீட்டுக்கும் பொதுவாக் கட்டினதும் இருக்கு, அப்படியெண்டா அரைவாசி உங்கட இல்லை.

வௌவால் இருக்கோ எண்டும் பாக்கவேணும். சிரிக்காதையுங்கோ, இஞ்ச வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, பனிக்காலத்துக்கு உப்பிடியான குளிர் ஈர இடத்திலதான் வந்து தூங்கும், வாசலை அடைச்சா வழக்கு வரும்.

பழசுப்பெட்டி:
முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு. உள்ள கண்ணாடி பாட்டில் இருந்தா தொடாதீங்க. 1940ல ஜெர்மன்காரன் இறங்கினா டாங்கி மேல வீசறதுக்குன்னு ஹோம் கார்டு (உள்ளூர் தொண்டர் படை) ஆளுங்களுக்கு பாஸ்பரஸ், பென்சீன் ஊத்தின பாட்டில் குண்டு குடுத்தாங்க, சின்ன பால் பாட்டில் சைஸ், உள்ள மஞ்சள் திரவமும் ஒரு ரப்பர் துண்டும் இருக்கும், காத்து பட்டாலே எரியும். பெட்டி பெட்டியா அங்கங்க புதைச்சு வச்சு அப்புறம் மறந்துட்டாங்க, இப்பவும் வேலி போடத் தோண்டறவங்க கையில கிடைக்குது. பார்த்தீங்கன்னா நகர்ந்து வந்து 999 அடிங்க, போலீஸ் ராணுவத்தைக் கூப்பிடும்.

மிச்சவடை:
பூனை எவ்வளவோ தேவல

வளவுக்காரன்:
அப்டேட். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு முடிஞ்சுது, வெடிப்பு ஒண்டும் வரேல்லை. பைப் அடைப்பு எடுத்தாச்சு. மீற்றர் முதல் இறக்கேக்க உள் மூலையில அலாம் அடிச்சது, அண்ணை சொல்லாட்டி நாங்கள் விளக்கோட இறங்கியிருப்பம். காத்து விட்டு, திரும்ப இறக்கி, நம்பர் சரியா நிண்ட பிறகு ஒரு பில்டரும் நானும் கயிறு கட்டி இறங்கினம், மேல தம்பி நிண்டான்.

உள்ளுக்கு அகலம் ஆறடி வரும், நீளம் பத்தடிக்குக் கிட்ட. சுவர் செங்கல், ஒருகாலம் வெள்ளை அடிச்சிருக்கினம், தண்ணி நிண்ட கோடு வரைக்கும் கறுப்பு. ரெண்டு பக்கமும் வாங்கு போட்ட இரும்புக் கொழுக்கி, பலகை உக்கிச் சேறாப் போட்டுது. நிலத்தின்ர மூலையில ஒரு சின்னக் குழி, தண்ணி சேர்த்து அள்ளுறதுக்காக்கும். அந்தப் பக்கச் சுவரில இரும்புப் படி பதிச்சு மேல போகுது, மேல ஒரு இரும்பு மூடி, அதுக்கு மேல மண், அதுக்கு மேல எங்கட ரோசா. போத்தில் ரெண்டு இருந்தது, தொடாமல் படம் எடுத்தன், கீழ இணைச்சிருக்கிறன். ஒரு எனாமல் சட்டி. ஒரு சின்னப் பிள்ளையின்ர சப்பாத்து, ஒற்றை.

பழசுப்பெட்டி:
படத்துல பாட்டில் ரெண்டும் காலி, மேல கார்க் போடற வாய், பேர் புடைப்பா அச்சாயிருக்கு. பாஸ்பரஸ் பாட்டில் இப்படி இருக்காது, இது குளிர்பானம் மாதிரி இருக்கு. இருந்தாலும் நான் படம் பார்த்துச் சொல்றதை வச்சு எடுக்காதீங்க, போலீஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.

வீட்ல யார் இருந்தாங்கன்னு பார்க்கணும்னா 1939 ரெஜிஸ்டர் இருக்கு, செப்டம்பர் 29ஆம் தேதி நாடு முழுக்க வீடு வீடா எடுத்தது, ரேஷனும் அடையாள அட்டையும் அதை வச்சுத்தான் குடுத்தாங்க. உங்க விலாசம் போட்டா பேர், பிறந்த தேதி, வேலை வரும். நூறு வயசு ஆகாதவங்க பேரை மறைச்சிருப்பாங்க, அப்ப கைக்குழந்தைன்னா இப்ப தெரியாமப் போகலாம். பாம் சைட்னு ஒரு இணைய வரைபடம் இருக்கு, 1940 அக்டோபர்லேர்ந்து 41 ஜூன் வரைக்கும் லண்டன்ல எந்தத் தெருவுல குண்டு விழுந்துச்சுன்னு காட்டும்.

வளவுக்காரன்:
பாத்தன். 39ல புருசன் பெண்சாதி ரெண்டு பேர், அவர் இன்சூரன்ஸ் கிளார்க், கீழ ரெண்டு வரி கறுப்படிச்சு மறைச்சுக் கிடக்கு. குண்டு எங்கட தெருவில இல்லை, ரெண்டு தெரு தள்ளி ஒரு புள்ளி இருக்கு. போலீசுக்கும் சொன்னன், வந்து பாத்திட்டு போத்தில் பிரச்சினை இல்லை எண்டிட்டினம்.

அப்பாவையும் மறிக்கேலாமல் கடைசியில இறக்கினன், கயிறு, தொப்பி எல்லாம் போட்டு. ஊரில பங்கர் வெட்டின ஆள், உள்ளுக்குப் போய் இன்ஸ்பெக்டர் மாதிரி சுவரைத் தட்டிப் பாக்கிறார். வாசல் வீட்டுப் பக்கம் பாத்திருக்காம், அது பிழையாம், வீடு விழுந்தா கல்லு முழுக்க வாசலுக்குத்தான் வரும், அதாலதான் மற்றப் பக்கம் ஏணி வச்சு மூடி விட்டிருக்கிறான் எண்டார். மேல கொங்கிறீட் எவ்வளவு தடிப்பு எண்டு கேட்டார், பில்டர் அரையடிக்குக் குறையாது எண்டோன்ன, "எங்களுக்கு ஒரு மூட்டை சீமெந்து இருந்திருந்தா" எண்டு தொடங்கி நிப்பாட்டிப் போட்டார். அம்மா இன்னும் அந்தப் பக்கம் போறேல்லை, குசினி யன்னல் சீலையையும் அந்தப் பக்கம் இழுத்து விட்டிருக்கிறா.

வன்னிப்பெட்டை:
உங்கட அம்மாவை விடுங்கோ அண்ணா, கட்டாயப்படுத்தாதையுங்கோ. நாங்கள் 2009ல பனங்குத்தியும் இல்லாமல் இருந்தம். அம்மான்ர சீலையள வெட்டிப் பை தைச்சு மண் நிரப்பினது, கூறைச் சீலையும் போட்டுது. எனக்கு இப்பவும் ட்ரெயின் சுரங்கத்துக்குள்ள போனா கை வேர்க்கும். ஷெட்டுக்கு வேற இடம் பாருங்கோ.

சுன்னாகத்தான்:
உண்மை தங்கச்சி.

வளவுக்காரன், எங்கட பங்கரை 96ல திரும்பிப் போய்த் தூர்த்தம். குத்தி எல்லாம் செல்லரிச்சுப் போச்சு, ஒரு பக்கம் தானா இறங்கியிருந்தது. மண் நிரவி வாழை வச்சம், அந்த மூலையில வாழை நல்லாத்தான் வந்தது, கிளறின மண்ணெல்லோ.

பழசுப்பெட்டி:
இங்கயும் ஆண்டர்சன் ஷெல்டர் மேல போட்ட மண்ணுல பூசணி, கீரைன்னு காய்கறி போட்டாங்க, உணவுத் தட்டுப்பாடு காலம், வீட்டுல காய் விளைவிங்கன்னு அரசாங்கமே போஸ்டர் ஒட்டுச்சு. யுத்தம் முடிஞ்சதும் தகடைத் திருப்பி வாங்கிட்டாங்க, வேணும்னா காசு குடுத்து வச்சுக்கலாம். அப்படி வாங்கினது இன்னும் பல தோட்டத்துல சைக்கிள் ஷெட்டா நிக்குது. உங்களுது மாதிரி செங்கல்ல கட்டினதைத் தோண்டி எடுக்க யாருக்கும் மனசு வரல, படியை மண்ணால அடைச்சுட்டு மேல செடி வச்சுட்டாங்க.

கணக்கன்_ஈஸ்ட்ஹாம்:
சரி வச்சிருக்கிறதெண்டா இன்சூரன்சுக்கு எழுத்தில சொல்லுங்கோ. பிறகு ஆரும் விழுந்தா அவங்கள் கையை விரிப்பாங்கள். விக்கேக்கயும் மறைக்கேலாது, படிவத்தில எழுதி ஒரு ஸ்ட்ரக்சரல் இஞ்சினியரின்ர கடிதம் வச்சிருந்தா வாங்கிறவன் பயப்பிடமாட்டான். சில பேர் அதுக்கெண்டே கூடக் குடுத்து வாங்குவினம் எண்டும் சொல்லுகினம், எனக்கு நம்பிக்கை இல்லை.

வளவுக்காரன்:
முடிவு சொல்லுறன். தூர்க்கேல்லை. இஞ்சினியர் வந்து கூரை நல்லாத்தான் இருக்கு, மேல பாரம் ஏத்தவேண்டாம் எண்டவர், அதால ஷெட் மற்ற மூலைக்கு. படிக்கு மேல பூட்டுப் போட்ட மூடி, பைப்புக்கு வலை, அடிக்குழியில மிதவையோட ஒரு சின்னப் பம், தண்ணி ஏறினா தானா ஓடும். மூடியை வேலிக்குப் பின்னால மறைச்சு விடப்போறன், அம்மாவுக்குக் குசினியால தெரியாது. சட்டியும் சப்பாத்தும் இங்கத்த லோக்கல் மியூசியத்துக்கு ஈமெயில் போட்டிருக்கிறன், பதில் வரேல்லை. அப்பா உள்ளுக்கு வெங்காயம் வைக்கலாம் எண்டு நிக்கிறார்.

கரணைமேசன்:
வெங்காயம் வைக்க ஏலாது, ஈரத்துக்கு ஒரு கிழமையில முளைச்சிடும், உக்கிற மரக்கறியும் ஒக்சிசனைக் குடிக்கும். ஒண்டும் வைக்கவேண்டாம். ஒவ்வொரு முறை இறங்கேக்கயும் மீற்றர் முதல் இறங்கவேணும், போனமுறை சரியா இருந்தது எண்டு பாத்திட்டுப் போகக்கூடாது. ஏணிப் பக்க மூடிக்கு உள்ளாலயும் திறக்கிற மாதிரிப் பூட்டுப் போடுங்கோ, பம் வயருக்கு ஆர்சிடி (கரண்ட் ஒழுகினா உடன நிப்பாட்டுற சுவிச்) கட்டாயம்.

மிச்சவடை:
அப்பாகிட்ட அந்த சீமெந்து கதையை முழுசா கேட்டு இங்க எழுதுங்க ப்ரோ, அவருக்கு இஷ்டம்னா.